காலியாக விடப்பட்ட பதினாறு செக்டார்கள்

இணையத்திலிருந்து இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பு ஒன்றைப் பென்டிரைவில் காபி செய்து, அதைக் கணினியில் செருகி, மறுபடி ஆன் செய்துவிட்டு, புதிய இயங்குதளம் எழுந்து வரும் என்று எதிர்பார்த்து ஏமாந்தவர்கள் நம்மிடையே அநேகர் உண்டு. கோப்பில் பழுதில்லை, பென்டிரைவும் நல்ல நிலையில்தான் இருக்கிறது, ஆயினும் கணினி அதைச் சட்டை செய்யாமல் பழைய வட்டிலிருந்தே கிளம்பிவிடுகிறது, அல்லது பூட் செய்யத்தக்க சாதனம் எதுவும் இல்லை என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. விஷயம் தெரிந்த ஒருவரிடம் போய்க் கேட்டால், "சும்மா காபி செய்தால் வராது, ரூஃபஸ் மென்பொருளில் போட்டு எழுத வேண்டும்" என்கிறார். அப்படியே செய்ததும் காரியம் முடிந்துவிடுகிறது. காரணம் மட்டும் தெரியாமலே போய்விடுகிறது. அதே கோப்பு, அதே பென்டிரைவ், ஒரு விதமாக வைத்தால் உபயோகமற்றுக் கிடந்து, வேறொரு விதமாக வைத்தால் ஒரு கணினியையே எழுப்பிவிடுகிறது என்றால், அவ்விரண்டு விதங்களுக்கும் இடையேயுள்ள வித்தியாசத்தை அறிந்துகொள்வது, அறிவின் ஆவலைத் தணிப்பதற்கு மட்டுமன்றி, வேறு வட்டு எதையும் தவறுதலாக அழித்துவிடாமல் இருப்பதற்கும் அவசியமாகிறது.

மின்சாரம் பாய்ந்த முதல் கணத்தில் கணினிக்கு என்ன தெரியும் என்பதிலிருந்து ஆரம்பிப்பதே முறை. நம்மில் பெரும்பாலோர் பயன்படுத்தும் இன்டெல், ஏஎம்டி வகைப் பிராசஸர்களுக்கு, விழித்தவுடன் தெரிந்திருப்பது ஒரே ஒரு முகவரிதான்: 4 கிகாபைட் என்னும் எல்லைக்குச் சரியாக 16 பைட்டுகள் முன்னால் உள்ள இடம், அதாவது 429,49,67,280. அங்கே என்ன கட்டளை இருக்கிறதோ அதை நிறைவேற்றுவதே அவற்றின் ஜன்ம சுபாவம். அந்த முகவரியில் அவற்றுக்கு எதிர்ப்படுவது, மதர்போர்டில் பொருத்தப்பட்ட சிறு சில்லு ஒன்றில் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் நிரல். நெடுங்காலம் அதற்குப் பயாஸ் என்று பெயர். பயாஸ் எழுந்து, நினைவகத்தையும் விசைப்பலகையையும் திரையையும் சோதித்துவிட்டு, இனி யாரிடம் ஆட்சியை ஒப்படைப்பது என்று வட்டுகளை நோக்கித் திரும்புகிறது. கோப்பு, கோப்புறை, கோப்பின் பெயர் என்பவையெல்லாம் இயங்குதளம் எழுந்த பிறகு அது உண்டாக்கிக்கொள்ளும் ஏற்பாடுகள். பயாஸுக்கு அவற்றில் ஒன்றும் தெரியாது. குடியிருப்பவரின் பெயர் தெரியாமல் கதவிலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கும் தபால்காரரைப் போல, வட்டின் சிறு கூறுகளான செக்டார்களுள் முதலாவது என்னும் ஒரே இலக்கத்திற்குப் போய், அங்குள்ள 512 பைட்டுகளை எடுத்து, நினைவகத்தில் 31,744 என்னும் இடத்தில் வைத்து, அதன் கையில் கணினியை ஒப்படைத்துவிட்டுத் தான் விலகிக்கொள்கிறது.

ஐநூற்றுப் பன்னிரண்டு பைட் என்பது இந்தப் பத்திக்குக்கூடப் போதாத அற்ப இடம். அதற்குள்ளும் பங்கு பிரித்திருக்கிறார்கள். 1983-ல் ஐபிஎம் கணினிகளுக்கான பிசி டாஸ் 2.0 வந்தபோது நிலைபெற்ற அமைப்பின்படி, முதல் 446 பைட்டுகள் கட்டளைகளுக்கு. அடுத்த 64 பைட்டுகள், ஒவ்வொன்றும் 16 பைட் கொண்ட நான்கு வரிகளாக, வட்டு எத்தனை பாகங்களாகப் பிரிந்திருக்கிறது என்னும் அட்டவணைக்கு. கடைசி இரண்டு பைட்டுகள் முத்திரைக்கு. அந்த முத்திரையின் மதிப்பு 85, 170. பிட்டுகளாக விரித்தால் 01010101 என்றும் 10101010 என்றும், ஒன்றில் பூஜ்யம் இருக்கும் இடத்தில் மற்றதில் ஒன்று இருக்கும்படி, அழகாக அமைந்த ஜோடி. இந்த இரண்டு பைட்டுகள் தம் ஸ்தானத்தில் இல்லையானால், அநேக பயாஸ்கள் அந்த வட்டை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு விடை தானாகவே கிடைத்துவிடுகிறது. ஐஎஸ்ஓ கோப்பைப் பென்டிரைவில் சாதாரணமாகக் காபி செய்யும்போது, பென்டிரைவின் முதல் செக்டார் முன்பிருந்தபடியே இருக்கிறது. நாம் கொண்டுவந்த கோப்பின் முதல் பைட், அங்கே காலியிடம் எங்கிருந்ததோ அங்கே, லட்சம் செக்டார்களுக்கு அப்பால்கூட, போய் அமர்ந்துகொள்கிறது. ஐஎஸ்ஓ கோப்பு என்பது ஒரு முழு வட்டின் பிம்பம். முதல் செக்டாரிலிருந்து கடைசி செக்டார் வரை, அந்தந்த இடத்தில் இருந்ததை அந்தந்த வரிசையில் எடுத்து வைத்த பிரதி. அதைக் கோப்பாக வைத்தால் வட்டுக்குள் ஒரு வட்டு உறங்குகிறது. பிம்பத்தின் முதல் பைட் பென்டிரைவின் முதல் பைட்டாகவும், பிம்பத்தின் பத்தாயிரமாவது பைட் பென்டிரைவின் பத்தாயிரமாவது பைட்டாகவும் விழும்படி எழுதினால்தான், பென்டிரைவே அந்த வட்டாக மாறுகிறது. ரூஃபஸ், எட்சர் போன்ற மென்பொருள்களைக் கொண்டு நாம் "எழுதுவது" என்று சொல்வதன் தாத்பரியம் பெரும்பாலும் இதுவே.

பெரும்பாலும் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு; இந்த விஷயத்தின் மிக ரசமான பகுதி அங்கேதான் இருக்கிறது. ஐஎஸ்ஓ என்பது முதலில் சிடி தட்டுக்காக ஏற்பட்ட அமைப்பு. 1985-ல் கம்ப்யூட்டர் நிறுவனங்களின் பிரதிநிதிகள் சிலர் அமெரிக்காவில் டாஹோ ஏரியை அடுத்த ஹை சியெரா என்னும் ஹோட்டலில் கூடி, ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு விதமாகச் சிடியில் எழுதிக்கொண்டிருந்தால் ஒருவர் தட்டு மற்றவர் கணினியில் ஓடாது என்பதை உணர்ந்து, பொதுவான ஒரு முறையை வகுக்கத் தொடங்கினார்கள். சில திருத்தங்களுடன் அது 1988-ல் ஐஎஸ்ஓ 9660 என்னும் சர்வதேச நியமமாயிற்று. சிடியின் செக்டார் 2,048 பைட் கொண்டது. அந்த நியமத்தை எழுதியவர்கள், முதல் 16 செக்டார்களை, அதாவது 32,768 பைட்டுகளை, எதுவும் விதிக்காமல் விட்டுவிட்டார்கள். அது கணினி அமைப்பின் உபயோகத்துக்கென ஒதுக்கப்பட்ட பகுதி. அதனுள் என்ன இருக்க வேண்டும் என்று நியமம் வாய் திறப்பதில்லை. தட்டின் விவரங்கள் அதற்கு அப்பால்தான் ஆரம்பமாகின்றன. எந்த ஐஎஸ்ஓ கோப்பையும் பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து, பூஜ்யத்திலிருந்து எண்ணிக்கொண்டு 32,768 என்னும் இடத்திற்குப் போனால், முதலில் 1 என்னும் மதிப்புள்ள ஒரு பைட்டும், அதை அடுத்துச் சிடி001 என்னும் ஐந்து எழுத்துகளும் நிற்பதை யாரும் தம் கண்ணாலேயே காணலாம்.

சிடியிலிருந்து கணினியை எழுப்ப வேண்டும் என்னும் தேவை பிற்பாடு எழுந்தபோது, 1995-ல் ஃபீனிக்ஸ், ஐபிஎம் ஆகிய இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து எல் டொரிட்டோ என்னும் முறையை வெளியிட்டன. கலிபோர்னியாவில் அதே பெயரில் மெக்ஸிகோ உணவகங்கள் உண்டு. அவற்றில் ஒன்றில் அமர்ந்து பேசியபோது உருவான யோசனை என்பது கணினி உலகில் வழங்கிவரும் கதை. இந்த முறைப்படி, பயாஸ் சிடியில், பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 17-ஆம் செக்டாரைப் படித்து, அங்கே குறித்துள்ள ஒரு பட்டியலைப் பின்பற்றி, தனக்கு வேண்டிய நிரலைக் கண்டுகொள்கிறது. ஆக, ஹார்ட் டிஸ்கிலிருந்து எழுவதற்கு ஒரு வழி, சிடியிலிருந்து எழுவதற்கு முற்றிலும் வேறான ஒரு வழி என்று இரண்டு ஏற்பாடுகள் உலகில் நிலைத்துவிட்டன. பிறகு பென்டிரைவ் வந்தது. பயாஸ் அதைச் சிடியாகக் கருதாமல் ஹார்ட் டிஸ்க்காகவே கருதிற்று. முதல் செக்டாரில் முத்திரையைத் தேடிற்று. சிடிக்கென்று செய்த பிம்பத்தை எவ்வளவு சிரத்தையாக ஒரு பைட்கூடத் தவறாமல் பென்டிரைவில் எழுதினாலும், முதல் 512 பைட்டுகள் வெறும் பூஜ்யங்களாக இருந்தபடியால், அந்தப் பென்டிரைவ் எழும்பவில்லை.

இந்தச் சிக்கலுக்குக் கண்ட பரிகாரத்தை நான் கணினித் துறையின் மிக நேர்த்தியான யுக்திகளுள் ஒன்றாக மதிக்கிறேன். சிடிக்கான நியமம் முதல் 32,768 பைட்டுகளில் எதையும் எழுதாமல் விட்டிருக்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்கான வழக்கமோ முதல் 512 பைட்டுகளை மட்டுமே கேட்கிறது. ஒருவர் காலியாக விட்ட இடத்தில்தான் மற்றவருடைய முழுத் தேவையும் அடங்குகிறது. எனவே அந்தக் காலியிடத்தின் தொடக்கத்தில் 446 பைட் கட்டளைகளையும், பாகங்களின் அட்டவணையையும், 85, 170 என்னும் முத்திரையையும் எழுதிவிட்டால், அதே பிம்பம் சிடியில் பதித்தால் சிடியாகவும், பென்டிரைவில் எழுதினால் ஹார்ட் டிஸ்க்காகவும் விளங்கும். ஒன்றின் விதியால் மற்றதன் விதிக்கு எவ்விதப் பங்கமும் நேராது. ஹெச். பீட்டர் ஆன்வின் தொடங்கிய சிஸ்லினக்ஸ் திட்டத்தில் ஐஸோஹைப்ரிட் என்ற பெயரில் இந்த உபாயம் செயலுக்கு வந்தது. இன்று லினக்ஸ் வகை இயங்குதளங்களின் பிம்பங்களில் பெரும்பாலானவை இப்படி இருபிறப்புக் கொண்டவையே. 1988-ன் நியமத்தை எழுதியவர்களுக்குப் பென்டிரைவ் என்றொரு சாதனம் வரப்போவது தெரிந்திருக்க வழியில்லை. எல்லாவற்றையும் தாமே நிர்ணயித்துவிட வேண்டும் என்னும் ஆசைக்கு இடங்கொடாமல் அவர்கள் ஒதுக்கி வைத்த சிறு வெளி, பல ஆண்டுகள் கழித்து அவர்கள் கனவிலும் காணாத ஒரு காரியத்திற்குப் பயன்பட்டது.

பயாஸின் காலம் இப்போது பெரும்பாலும் கடந்துவிட்டது. இன்டெல் நிறுவனம் தொடங்கி, 2005-ல் பல நிறுவனங்களின் பொது அமைப்பொன்று பொறுப்பேற்ற யுஇஎஃப்ஐ என்னும் ஏற்பாடு இன்றைய லேப்டாப்களில் அந்த ஸ்தானத்தை வகிக்கிறது. இதற்குக் கோப்புகளைப் படிக்கத் தெரியும். ஆனால் ஃபேட் என்னும் பழைய அமைப்பில் உள்ள கோப்புகளை மட்டுமே கட்டாயமாகப் படிக்கும். இஎஃப்ஐ என்னும் கோப்புறைக்குள் பூட் என்னும் கோப்புறை, அதற்குள் பூட்எக்ஸ்64 என்னும் நிரல்: இந்த ஒரு பாதையைத்தான் அது பென்டிரைவில் தேடுகிறது. இருபிறப்புப் பிம்பங்களில் இதற்கும் வழி செய்திருக்கிறார்கள். பிம்பத்தின் நடுவே ஃபேட் அமைப்பிலான சிறு துண்டொன்றை வைத்து, முதல் செக்டாரிலுள்ள அட்டவணையின் ஒரு வரி அத்துண்டைத் தனிப் பாகமாகச் சுட்டும்படி செய்திருக்கிறார்கள்.

விண்டோஸ் பிம்பங்களின் விஷயம் வேறு. அவை இருபிறப்பாகச் செய்யப்பட்டவை அல்ல. ஆகையால் அவற்றை உள்ளபடியே பைட்டுக்குப் பைட் எழுதினால் பலன் இல்லை. பிம்பத்தைத் திறந்து, உள்ளிருக்கும் கோப்புகளை ஃபேட்32 பென்டிரைவில் காபி செய்தாலே யுஇஎஃப்ஐ திருப்தியடைந்துவிடும் என்றாலும், அங்கே ஓர் இடையூறு குறுக்கிடுகிறது. ஃபேட்32-ல் ஒரு கோப்பின் அளவை எழுத ஒதுக்கிய இடம் 32 பிட் மட்டுமே; ஆதலால் எந்தக் கோப்பும் 429,49,67,295 பைட்டுகளைத் தாண்டக்கூடாது. விண்டோஸின் இன்ஸ்டால்.விம் என்னும் கோப்பு இப்போது பல சமயங்களில் இந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. மைக்ரோசாஃப்ட்டின் சொந்தக் கருவி அதை இன்னும் அழுத்தமாகச் சுருக்கி எல்லைக்குள் கொண்டுவருகிறது. பீட் படார்ட் 2011-ல் எழுதிய ரூஃபஸோ, பெரிய கோப்பை என்டிஎஃப்எஸ் என்னும் வேறோர் அமைப்பிலான பாகத்தில் வைத்து, அந்தப் பாகத்தைப் படிக்க யுஇஎஃப்ஐ-க்குக் கற்பிக்கும் சிறு நிரல் ஒன்றை அருகிலேயே குட்டியான ஃபேட் பாகத்தில் வைத்துவிடுகிறது. 2020-ல் வெளிவந்த வென்டாய், ஒரு முறை பென்டிரைவில் தன்னை நிறுவிக்கொண்ட பின், பல ஐஎஸ்ஓ கோப்புகளை அப்படியே காபி செய்து வைத்தாலும் ஒவ்வொன்றையும் கணினிக்கு ஒரு வட்டாகக் காட்டிவிடுகிறது. பல கணினிகளைப் பழுது பார்ப்பவர்களுக்கு அது மிகுந்த சௌகரியம்.

இனிச் செய்முறைக்கு வருவோம். உதாரணமாக டெபியன் லினக்ஸை எடுத்துக்கொள்கிறேன். 1993-ல் ஐயன் மர்டாக் தொடங்கிய இதையே அடிப்படையாகக் கொண்டு, சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் பாஸ் லினக்ஸை உருவாக்கிற்று. டெபியனின் சிறிய நிறுவல் பிம்பம் ஒரு கிகாபைட்டுக்கும் உட்பட்டது. அதை இறக்கியவுடன் செய்ய வேண்டிய முதல் காரியம் எழுதுவதன்று, பரிசோதிப்பது. பிம்பத்தோடு ஷா-256 என்னும் கணக்கீட்டின் விடையும் வெளியிடப்படுகிறது. எவ்வளவு பெரிய கோப்பானாலும் 64 குறிகளில் அடங்கும் விடை அது. கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் விடையில் ஏறக்குறைய பாதி பிட்டுகள் மாறிவிடும்படி அமைந்தது. உங்கள் கணினியில் அதே கணக்கைப் போட்டு, இரண்டு விடைகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இது அநாவசிய ஜாக்கிரதை என்று நினைப்பவர்கள் 2016 பிப்ரவரியில் நடந்ததை அறிந்துகொள்வது நலம். லினக்ஸ் மின்ட் என்னும் புகழ்பெற்ற இயங்குதளத்தின் இணையதளத்தில் புகுந்த விஷமிகள், இறக்குவதற்கான இணைப்பை மாற்றி, உளவு நிரல் ஒளித்து வைத்த பொய்ப் பிம்பத்துக்கு மக்களைத் திருப்பிவிட்டார்கள். இயங்குதளமே கெட்டிருந்தால் அதன்மேல் ஓடும் எந்தப் பாதுகாப்பு மென்பொருளையும் நம்புவதற்கில்லை. தளத்துக்குள் புகுந்தவன் அங்கே அச்சிட்டிருக்கும் 64 குறிகளையும் மாற்றிவிடலாமே என்று கேட்பது நியாயமான கேள்வி. அதனால்தான் டெபியன் போன்றவை அந்தக் குறிகளடங்கிய பட்டியலின்மேல் மின்கையொப்பமும் இட்டு வெளியிடுகின்றன. கையொப்பத்தையும் சேர்த்துச் சரிபார்ப்பதே பூரணமான பரிசோதனை.

அடுத்தது பென்டிரைவை அடையாளம் காண்பது; கணினியில் மீளாத நஷ்டம் நேரக்கூடிய இடம் இதுவே. லினக்ஸில் எல்எஸ்பிஎல்கே என்னும் கட்டளை கொடுத்தால், இணைந்துள்ள வட்டுகளெல்லாம் பெயரும் அளவும் சேர்ந்து வரிசையாகத் தெரியும். எஸ்டிஏ என்பது உள்ளேயிருக்கும் ஹார்ட் டிஸ்க்காகவும், எஸ்டிபி என்பது பென்டிரைவாகவும் இருக்கலாம், மாறியும் இருக்கலாம். ஓர் எழுத்துப் பிசகினால், குடும்பப் புகைப்படங்கள் உள்ள வட்டின் ஆரம்பம் முழுவதும், எச்சரிக்கை ஒரு வார்த்தைகூட இன்றி, புதிய பிம்பத்தால் மூடப்பட்டுவிடும். பென்டிரைவைச் செருகுமுன் ஒரு முறையும் செருகிய பின் ஒரு முறையும் அந்தப் பட்டியலைப் பார்த்து, புதிதாக முளைத்த வரி எது என்று நிச்சயித்துக்கொள்வதே பத்திரமான மார்க்கம். எஸ்டிபி என்பது முழு வட்டு, எஸ்டிபி1 என்பது அதன் முதல் பாகம் என்னும் பேதத்தையும் மறக்கலாகாது. பாகத்தில் எழுதினால் பிம்பத்தின் முதல் பைட் வட்டின் முதல் பைட்டில் விழாது. மேலே விவரித்தது அவ்வளவும் வீணாகிவிடும்.

எழுதுவதற்கு டிடி என்னும் பழைய யுனிக்ஸ் கட்டளையை எல்லோரும் சொல்வார்கள். அது நல்ல கருவிதான். ஆனால் டெபியனின் வழிகாட்டி நூலே, கோப்புகளைக் காபி செய்ய அன்றாடம் உபயோகிக்கும் சிபி என்னும் எளிய கட்டளையே போதும் என்கிறது. யுனிக்ஸ் மரபில் வட்டும் ஒரு கோப்பாகவே பாவிக்கப்படுவதால், ஐஎஸ்ஓ கோப்பை எஸ்டிபி என்னும் "கோப்பின்" மேல் காபி செய்தால், அது வட்டின் முதல் பைட்டிலிருந்தே எழுதப்பட்டுவிடுகிறது. பென்டிரைவுக்குள் காபி செய்வது வேறு, பென்டிரைவின் மேலேயே காபி செய்வது வேறு என்பது இங்கே தெளிவாக விளங்கும். கட்டளை முடிந்து திரை சும்மா நின்றவுடன் பென்டிரைவைப் பிடுங்கிவிடக் கூடாது. வேகத்தின் பொருட்டு இயங்குதளம் பைட்டுகளை முதலில் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, மெதுவான பென்டிரைவுக்குப் பின்னால் அனுப்பிக்கொண்டிருக்கும். சிங்க் என்னும் கட்டளை கொடுத்து, அது முடியும்வரை, சில நிமிஷங்களானாலும், பொறுத்திருக்க வேண்டும். பென்டிரைவ் சரியில்லை என்று குறைகூறும் பலருக்கு உண்மையில் நேர்ந்தது இந்த அவசரமே. சந்தேகம் இருந்தால், பிம்பத்தின் நீளம் எவ்வளவோ அத்தனை பைட்டுகளை மட்டும் பென்டிரைவிலிருந்து திரும்பப் படித்து, அவற்றுக்கும் ஷா-256 கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த 64 குறிகள் மறுபடி அப்படியே வந்தால் வேலை முடிந்தது.

எழுதிய பென்டிரைவை விண்டோஸில் செருகினால், 16 கிகாபைட் பென்டிரைவ் சில மெகாபைட்டாகத் தெரியும், அல்லது ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். பென்டிரைவ் கெட்டுவிட்டதென்று பயப்பட வேண்டாம்; ஃபார்மட் செய்யவும் சம்மதிக்க வேண்டாம். விண்டோஸுக்குப் புரியாத பாகங்கள் அதில் இருக்கின்றன, அவ்வளவே. வேறு உபயோகத்துக்குத் திருப்ப விரும்பும்போது பழைய அட்டவணையை அழித்துப் புதிதாகப் பாகம் பிரித்தால் முழு இடமும் திரும்பக் கிடைத்துவிடும். கணினியை ஆன் செய்ததும் எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப், உங்கள் கம்பெனி எதை வைத்திருக்கிறதோ அந்தப் பட்டனை அழுத்திப் பூட் மெனுவில் பென்டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கையொப்பமில்லாத நிரல்களை விலக்கும் செக்யூர் பூட் என்னும் காவல் சில பிம்பங்களைத் தடுக்கும். டெபியன் 2019-ல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து அந்தக் காவலுக்கு உடன்பட்டே எழுகிறது.

லேப்டாப் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்றைக்கே ஒரு பென்டிரைவை இப்படித் தயார் செய்து, ஒரு முறை அதிலிருந்து கணினியை எழுப்பியும் பார்த்துவிட்டு, பெயரெழுதி வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எழும்ப மறுத்துவிட்ட கணினியைக் கொண்டு பூட்டபிள் பென்டிரைவ் செய்துகொள்ள முடியாது. அதற்கு நல்ல நிலையிலுள்ள இன்னொரு கணினியைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கும். பென்டிரைவின் சில்லில் தங்கியிருக்கும் மின்னேற்றம் காலப்போக்கில் மெல்லக் கசியும் தன்மையுடையதாதலால், வருஷத்திற்கு ஒரு முறை புதிய பிம்பத்தை இறக்கி, சரிபார்த்து, மறுபடி எழுதிக்கொள்ளுங்கள்.